நாடி நிதானமாக நடந்தால்...

"பிரஷர் பார்க்கும் மெஷினில் என் நாடி 52 என்று காட்டுகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. டாக்டரிடம் போக வேண்டுமா?"

இப்படி ஒரு கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. முன்பெல்லாம் நாடியைப் பற்றி நாம் தனியாகக் கவலைப்பட்டதே இல்லை. ஜுரம் வந்தால் டாக்டர் கையைப் பிடித்துப் பார்ப்பார், அவர் முகத்தை நாம் பார்ப்போம், அத்தோடு சரி. கொரோனா வந்த 2020, 2021-ஆம் வருஷங்களுக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. விரல் நுனியில் மாட்டும் கருவி அலமாரியில் மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. பிள்ளை வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் மணி காட்டுவதோடு நில்லாமல் இருதயத்தின் கணக்கையும் சொல்கிறது. கணக்குத் தெரிந்துவிட்டால் கவலையும் தானே வந்து சேருகிறது!

இதில் இரண்டு விதமான சங்கடங்கள் இருக்கின்றன. நன்றாக நடமாடும் ஒருத்தி, 52 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் தவிக்கிறாள். இன்னொருத்திக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவளோ கையைப் பிடித்துப் பார்க்காமலே 'பித்தம்' என்று சொல்லி இஞ்சிச் சாறு குடித்துவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். உண்மையில் டாக்டரிடம் போக வேண்டியவள் இரண்டாமவள்தான். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது; அந்த எண்ணைச் சுமந்துகொண்டிருக்கும் மனுஷியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நல்ல வித்வான் விளம்ப காலத்தில் பாடும்போது நமக்கு ஆனந்தமாக இருக்கிறது. மூச்சுப் போதாமல் ஒருவர் பாட்டை இழுத்தால் சபையே தவித்துப் போகிறது. இரண்டும் மெதுவான பாட்டுத்தான். ஒன்றில் நிதானம் இருக்கிறது. மற்றதில் தளர்ச்சி இருக்கிறது. இருதயத்தின் சங்கதியும் இதேதான்.

சாதாரணமாக, பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது இருதயம் நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை வரை துடிக்கும். 70 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி லிட்டர் ரத்தம் வெளியே போகிறது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். இவ்வளவு வேலைக்கும் தாளம் போடுவது, இருதயத்தின் வலது மேல் அறையில் இருக்கும் ஒரு சின்னத் திசுமுடிச்சு. 1907-ஆம் வருஷத்தில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் இதை உலகத்துக்குத் தெரிவித்தார்கள். ஃப்ளாக் அதை முதலில் கண்டது, வளை தோண்டி வாழும் அகழெலி ஒன்றின் இருதயத்தில்!

இந்த முடிச்சிலிருந்து கிளம்பும் மின்சார உத்தரவு, நடுவில் இன்னொரு முடிச்சைத் தாண்டிக் கீழ் அறைகளுக்குப் போகிறது. மேலே இருப்பது களைத்துப் போனால் நடுவில் இருப்பது பொறுப்பை ஏற்று நிமிஷத்துக்கு 40 முதல் 60 வரை தாளம் போடும். அதுவும் கைவிட்டால் கீழ் அறைகள் தாமே 20 முதல் 40 வரை தட்டிக்கொண்டு உயிரைப் பிடித்து வைக்கும். கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் படுத்துவிட்டால் அடுத்தவர் பொறுப்பேற்பதைப் போல என்று சொல்லலாம். ஆனால் கடைசிப் பிள்ளை தலையில் முழுப் பாரமும் விழுந்தால் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

சரி, முதலில் நாடியைச் சரியாக எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். காப்பி குடித்த உடனேயோ, படியேறி வந்த உடனேயோ எண்ண வேண்டாம். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காருங்கள். உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டை விரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் மறு கையின் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் மெதுவாக வையுங்கள். கட்டை விரலால் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு நாடி உண்டு, கணக்குக் குழம்பிவிடும். பெண்களுக்கு இடது கை, ஆண்களுக்கு வலது கை என்பது நம் பழைய வைத்தியர்களின் வழக்கம். எண்ணிக்கைக்கு எந்தக் கையானாலும் ஒன்றுதான். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்காமல், ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுங்கள். எண்ணும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: துடிப்பு ஒரே சீராக வருகிறதா, இடையில் விட்டு விட்டு வருகிறதா?

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மெஷின்கள் சில சமயம் ஏமாந்து போகும். விரல் சில்லிட்டிருந்தாலும், நகத்தில் சாயம் பூசியிருந்தாலும் விரல் கருவி தடுமாறும். சிலருக்கு ஒரு துடிப்பு விட்டு ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிடும். அந்த அவசரத் துடிப்பில் ரத்தம் போதிய அளவு வெளியேறாது. மணிக்கட்டுக்கு அது எட்டுவதே இல்லை. இருதயம் 76 தடவை துடித்திருக்கும். மெஷின் 38 என்று காட்டும்! டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டும், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தும் இந்த மர்மத்தை உடைத்துவிடுவார். ஆகவே மெஷின் காட்டிய ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அழவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்.

எண்ணிக்கை நிஜமாகவே 60-க்குக் கீழே இருந்தால்? அப்போதும் அது வியாதி என்று அர்த்தம் இல்லை. தினமும் வேகமாக நடப்பவர்கள், நீந்துகிறவர்கள், நாள் முழுவதும் உடம்பை வளைத்து உழைக்கிறவர்கள் ஆகியோரின் இருதயம் பலம் பெற்றிருக்கும். ஒரு துடிப்பிலேயே அதிக ரத்தத்தைத் தள்ளிவிடும். அடிக்கடி துடிக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. 1991 முதல் 1995 வரை ஐந்து வருஷமும் பிரான்ஸ் நாட்டின் பெரிய சைக்கிள் பந்தயத்தில் ஜயித்த மிகேல் இந்துராயின் என்ற ஸ்பெயின் தேசத்து வீரருக்கு ஓய்வு நேரத்தில் நாடி 28 தான் என்று பேசிக்கொண்டார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம்! பயிற்சி உள்ளவர்களுக்கு 40-க்கும் 50-க்கும் இடையில் இருப்பது அதிசயம் இல்லை.

தூக்கத்திலும் எல்லோருக்கும் நாடி இறங்கும். பின்னிரவு மூன்று மணிக்கு 44 என்று கைக்கடிகாரம் குறித்து வைத்திருந்தால், நீங்கள் நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, பகலெல்லாம் தூங்கி வழிவது இவையும் கூட இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அமெரிக்க இருதய நிபுணர்கள் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 50-க்குக் கீழே போவதைத்தான் மந்தமான நாடியாகக் கணக்கிட்டார்கள். அதோடு ஒரு முக்கியமான விஷயத்தையும் சொன்னார்கள்: 'இந்த எண்ணுக்குக் கீழே போனால் கட்டாயம் சிகிச்சை' என்று நிலையான ஒரு கோடு கிடையாது. நாடி மந்தமாக இருக்கும் நேரமும் உபாதை வரும் நேரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதுதான் அவர்களுக்கும் கேள்வி.

அந்த உபாதைகள் என்னென்ன? தலை சுற்றல், கண் இருட்டிக்கொண்டு வருவது, மயங்கி விழுவது, காரணமில்லாத அசதி, கொஞ்சம் வேலை செய்தாலே மூச்சு வாங்குவது, மார்பில் அழுத்தம், புத்தி தெளிவாக இல்லாமல் குழம்புவது. இவற்றைப் படித்ததும், "இதெல்லாம் எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற சமாசாரம்தானே!" என்று நீங்கள் நினைப்பீர்கள். அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தலை சுற்றினால் பித்தம் என்கிறோம். மூச்சு வாங்கினால் உடம்பு போட்டுவிட்டது என்கிறோம். கண் இருட்டினால் விரதம், வெறும் வயிறு என்கிறோம். அசதிக்கு வயசைக் காரணம் சொல்கிறோம். வீட்டுப் புருஷருக்கு இதே உபாதை வந்தால் அன்று சாயங்காலமே டாக்டர் வீட்டு வாசலில் நிற்போம். நமக்கு வந்தால் மட்டும் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. அந்தச் சமாதானங்கள் பல சமயம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு நிமிஷம் நாடியை எண்ணிப் பார்க்காமல் அதை எப்படி நிச்சயிப்பது?

நாடி மந்தமாவதற்குக் காரணம் சில சமயம் இருதயத்திலேயே இராது; மருந்துப் பெட்டியில் இருக்கும். ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற மாத்திரைகளின் வேலையே நாடியைத் தணிப்பதுதான். ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால் அதே ஜாதி. டில்டியாசம், வெரபமில், டிகாக்சின் ஆகியவையும் நாடியைக் குறைக்கும். ஞாபக மறதிக்காக வயதானவர்களுக்குக் கொடுக்கும் டோனெபெசில் என்ற மருந்தும் அப்படியே. எல்லாவற்றையும்விட வேடிக்கை, கண்ணில் விடும் சொட்டு மருந்து! கண்ணில் நீர் அழுத்தம் இருப்பவர்கள் விட்டுக்கொள்ளும் டிமலால் சொட்டு, ரத்தத்தில் கலந்து இருதயம் வரை போய்விடும். "நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் கண் சொட்டைச் சொல்ல யாருக்குத் தோன்றும்?

ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! அட்டெனலால் வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். இருதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பே வரலாம். அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் டாக்டரின் வேலை.

பெண்களிடம் அதிகமாகக் காணும் இன்னொரு காரணம், தைராய்டு சுரப்பி மந்தமாகிவிடுவது. உடம்பு பருக்கும், மற்றவர்களுக்கு வியர்க்கும்போது உங்களுக்குக் குளிரும், மலச்சிக்கல், முடி உதிர்தல், வறண்ட தோல், மாதவிடாயில் அதிகப் போக்கு இவையெல்லாம் சேர்ந்து வரும். கூடவே நாடியும் தளர்ந்துவிடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் சரியாகும்.

வயதுக்கு வந்த பெண் வீட்டில் இருந்தால் இதையும் கேளுங்கள். மெலிய வேண்டும் என்று அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறாள், மாதவிடாய் நின்றுவிட்டது, கையும் காலும் சில்லென்று இருக்கின்றன, நாடி 45. இதை 'உடற்பயிற்சி செய்கிற பெண், நல்ல நாடி' என்று மெச்சிக்கொள்ளக் கூடாது. பட்டினி கிடக்கும் உடம்பு சிக்கனம் பிடிக்கிறது; இருதயமும் சிக்கனம் பிடிக்கிறது. தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம் இது.

டைபாய்டில் ஜுரம் ஏறிய அளவுக்கு நாடி ஏறாமல் இருக்கலாம். டெங்கு ஜுரம் விட்ட பிறகு சில நாள் நாடி மந்தமாக ஓடுவதும் உண்டு. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் கூடி நாடி குறையலாம். அது அவசரமான நிலை. இவை எதுவும் இல்லாமல், வயதான காலத்தில் இருதயத்துக்குள் உத்தரவு போகும் பாதையே தேய்ந்து அறுபட்டுப் போவதும் உண்டு.

மயக்கத்திலும் இரண்டு ஜாதி இருக்கிறது. கல்யாண மண்டபத்துப் புழுக்கத்திலோ, கோயில் வரிசையிலோ வெகு நேரம் நின்று, குமட்டி, வியர்த்து, கண் மங்கிக் கீழே சாய்வது ஒன்று. படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் சீக்கிரம் தெளிந்துவிடும். அந்த நேரத்தில் நாடி தாழ்ந்தாலும் பெரும்பாலும் தீங்கில்லாதது. முதல் தடவையானால் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. மற்றொன்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ விளக்கை அணைத்தாற்போல் நினைவு போவது. மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டால் 'வழுக்கிவிட்டது' என்கிறோம். வழுக்கியதா, அதற்கு முன்பே நினைவு போய்விட்டதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். "எப்படி விழுந்தேன் என்றே தெரியவில்லையே, அம்மா" என்று அவர் சொன்னால், எலும்பு டாக்டரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

இப்படி நினைவிழப்பவர்களுக்கு ஒரு காலத்தில் செய்யக்கூடியது அதிகம் இல்லை. அது மாறியதற்கு ஒரு மனைவியின் பிடிவாதமும் காரணம். ஸ்வீடன் தேசத்தில் ஆர்னே லார்சன் என்பவருக்கு 43 வயதில் இருதயத்தின் மின்பாதை தடைப்பட்டு, ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவைகூட மூர்ச்சை வந்துகொண்டிருந்தது. அவர் மனைவி எல்ஸ் மாரி, சும்மா அழுதுகொண்டிருக்கவில்லை. உடலுக்குள் வைக்கும் தாளக் கருவி ஒன்றைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆகே சென்னிங் என்ற ரண சிகிச்சை நிபுணரையும், ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியியல் நிபுணரையும் விடாமல் நச்சரித்தார். மனிதருக்கு வைக்கும்படியான கருவி இன்னும் தயாராகவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். "அப்படியானால் தயார் செய்யுங்கள்" என்பதுதான் அந்த அம்மாளின் நிலை. 1958-ஆம் வருஷம் அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்டாக்ஹோம் நகரை அடுத்த கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில், பூட்ஸ் பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த கருவியை அவர் உடலில் பொருத்தினார்கள். முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுவிட்டது, இன்னொன்றை வைத்தார்கள். லார்சன் தம் ஆயுளில் இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, அந்த டாக்டரும் பொறியியல் நிபுணரும் காலமான பிறகும் வாழ்ந்து, 2001-ல் தம் 86-வது வயதில் வேறு நோயால் காலமானார்.

இன்று பேஸ்மேக்கர் என்னும் அந்தக் கருவி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் அடங்கிவிடுகிறது. பாட்டரி பல வருஷம் உழைக்கிறது. மந்தமான நாடி உள்ள எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. வேண்டியவர்களுக்கு அது வாழ்வைத் திருப்பிக் கொடுக்கிறது. டாக்டரிடம் போகப் பயப்படுவதில் அர்த்தமில்லை என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு நேரான பதில். நாடி 50-க்கும் 60-க்கும் நடுவில், சீராக, வெகு நாளாகவே அப்படி இருக்கிறது. மாடி ஏறி இறங்கினால் நன்றாக ஏறுகிறது. எந்த உபாதையும் இல்லை. அப்படியானால் அவசரமே இல்லை. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது சொன்னால் போதும். விழித்திருக்கும்போது 50-க்குக் கீழே இருக்கிறது, அல்லது எப்போதும் 75 இருந்தது இப்போது புதிதாக 50-க்கு வந்துவிட்டது, அல்லது வேலை செய்தாலும் ஏற மறுக்கிறது, அல்லது அசதியும் தலை சுற்றலும் கூட இருக்கின்றன என்றால், இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். மேலே சொன்ன மருந்துகள் ஏதாவது சாப்பிடுகிறவர்களும் அப்படியே. நினைவிழந்து விழுந்தாலோ, மார்பு வலித்தாலோ, உட்கார்ந்த இடத்தில் மூச்சுத் திணறினாலோ, உடம்பு வியர்த்துச் சில்லிட்டுப் புத்தி குழம்பினாலோ, நாடியை எண்ணிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம். 108-ஐ அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உபாதை இல்லாவிட்டாலும், விழித்திருக்கும்போது மறுபடி மறுபடி எண்ணியும் 40-க்குக் கீழேயே இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். மயக்கத்துக்குக் காரணம் தெரியும் வரை ஸ்கூட்டர் ஓட்டுவதையும், தனியாகக் குளத்தில் இறங்குவதையும் நிறுத்தி வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், கண் சொட்டு உள்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். அவர் ஈ.சி.ஜி. எடுப்பார், சில நிமிஷ வேலை, வலி கிடையாது. தைராய்டுக்கும் உப்புச் சத்துக்களுக்கும் ரத்தம் பார்ப்பார். ஈ.சி.ஜி. எடுக்கும் நேரத்தில் இருதயம் சமர்த்தாக நடந்துகொண்டு ஏமாற்றினால், ஒரு நாளோ அதற்கு மேலோ உடம்பிலேயே மாட்டிக்கொள்ளும் சிறு கருவியைக் கொடுத்து அனுப்புவார். மாட்டிக்கொண்டு வழக்கம்போல் வீட்டு வேலையைச் செய்யலாம்.

அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பால் கணக்கு எழுதுகிற நோட்டில் கடைசிப் பக்கத்தை உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நாடியை எண்ணி, தேதியையும் நேரத்தையும் போட்டு எழுதுங்கள். பக்கத்திலேயே 'தலை சுற்றியது', 'சௌக்கியம்' என்று ஒரு வார்த்தை. வீட்டில் மற்ற எல்லோருடைய கணக்கையும் வைத்திருக்கிறீர்கள். உங்கள் கணக்குக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கட்டும்.